யார் கையால் கொள்ளி

என் மாமியார் செல்லக்கிளியின் வாயில் நெருப்பு இல்லாத வசவு கிடையாது. சோறு குழைந்தால் என் கையில் கொள்ளி வைக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் வாயில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி புதுப்புடவை கட்டினால் கிழவிக்கு வயிறு பற்றி எரியும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. உறையூரில் எங்கள் தெருவுக்கே நாங்கள் போடும் சண்டையில்தான் பொழுது விடியும். அப்படிப்பட்டவள் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மயிலு, நான் போனா அந்த ராமன் கையால எனக்குக் கொள்ளி வேணாம்டி. வீரமலை வெக்கட்டும். அவன்கிட்டச் சொன்னா தலையை ஆட்டிட்டு மறந்துடுவான். நீதான் பாத்துக்கணும்."

"சரிங்கத்தே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவளிடம் நான் மல்லுக்கு நிற்காமல் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

வீரமலை என் புருஷன். ராமன் அவர் தம்பி. வயலை மேடாக்கி மனை போட்ட தில்லை நகரில் மெத்தை வீடு கட்டிக்கொண்டு போனவன். கிழவியைக் கொஞ்ச காலம் அங்கே வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான் சமைப்பாள். கிழவிக்கு அந்த வாடை ஆகாது. கொல்லையில் கல்லைக் கூட்டிச் சுள்ளி எரித்துத் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக்கொண்டாள். புதுச் சுவரில் கரி படிகிறதாம். ராமன் வந்து, எரிகிற அடுப்பைக் காலால் எட்டி உதைத்தான். கொதிக்கிற கஞ்சி அவள் பாதத்தில் கொட்டியது. அந்தக் கொப்புளத்தோடு உறையூருக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். பெற்றவளின் அடுப்பை உதைக்கிற காலும் ஒரு காலா? மருந்து போட்டது நான். "மெதுவாப் போடுடி, கட்டையில போறவளே" என்று அப்போதும் என்னைத்தான் திட்டினாள்.

தை மாதத்தில் ஒரு காலை வேளையில் என் வீட்டில்தான் அவள் உயிர் போனது. ராமன் வந்தான். வந்தவன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஜனத்தில் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது வழக்கம். பங்காளிகளில் பெரியவரான மருதை மாமா, கயிறு கட்டிய புதுச் சட்டியை ராமன் கையில் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மயிலு, அடுப்புலேருந்து நெருப்பு எடுத்துப் போடும்மா. நேரமாவுது."

பிணம் எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறதோ, அந்த வீட்டு அடுப்பு நெருப்புதான் கொள்ளிச் சட்டியில் போக வேண்டும். அதற்காகவே தணலைச் சாம்பலில் மூடி வைத்திருந்தேன். எழுந்து போய் அடுப்படி வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"தரேன் மாமா. இவரு கையிலதான் தருவேன். அவன் கையில தர மாட்டேன்."

"என்ன பேச்சும்மா இது? சின்னவன் உசுரோட இருக்கையில பெரியவன் ஆத்தாளுக்குக் கொள்ளி வெச்சா, சின்னவன் செத்துட்டான்னு அர்த்தம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அப்படியே வெச்சுக்குங்க."

ஒப்பாரி நின்றுவிட்டது. வள்ளிக்கண்ணு தலைவிரி கோலமாகப் பாய்ந்து வந்தாள். "அடிப்பாவி! என் தாலியை அறுக்கவா நிக்கிறே? உன் வாய் புழுத்துப் போவ!"

"அத்தை கால் வெந்து நின்னப்ப இந்த வாய் எங்கடி போயிருந்துச்சு? ஸ்டவ்வுக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சா?"

ராமன் ரோஷமாகச் சட்டியைக் கீழே வைத்தான். "இவங்க நெருப்பு யாருக்கு வேணும்?" என்று மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். மருதை மாமா அதைத் தட்டிவிட்டார்.

"டேய், இது என்ன சுருட்டா, கிழிச்சுப் பத்த வெக்க? போய்க் கேட்டு வாங்குடா."

அவன் என் எதிரே வந்து நின்றான். குரல் இறங்கிவிட்டது. "அண்ணி, ஊரு முன்னால என் மானத்தை வாங்காதீங்க. குடுங்க."

"உன் மானம் உன்னோட. அவங்க உன் கை வேணாம்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

வெயில் ஏறியது. பாடை கட்டியவர்கள் முணுமுணுத்தார்கள். மாமா என் புருஷனைப் பார்த்து, "வீரமலை, நீ வாயைத் திறடா" என்றார். அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவின் பாதத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எங்கிட்டப் போடு, மயிலு."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு முதல்முறையாகப் பெருமைப்பட்டேன். தணலை அள்ளிப் போட்டேன். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, ராமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனான். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். அங்கே நின்றுதான் எனக்கு அழுகை வந்தது. "அத்தே, சொன்னபடி செஞ்சுட்டேன்" என்று வாய்விட்டு அழுதேன்.

ஓயாமாரி சுடுகாட்டில் எரித்து, காவிரியில் முழுகிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அவர் மட்டும் வந்தார். கொள்ளி வைத்தவன் மொட்டையோடு திரும்ப வேண்டும். அவர் தலையில் முடி அப்படியே இருந்தது, சொட்டச் சொட்ட.

"எங்கங்க மொட்டை?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சுடுகாட்டு வாசல்ல சட்டியை அவன்கிட்டக் குடுத்துட்டேன். காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் மயிலு. உசுரோட இருக்கிறவனை நான் எப்படிச் செத்தவனாக்குறது?"

"உங்கம்மா உசுரோட இருக்கையில அவன் ஆக்கலையா?"

ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். மாற்று வேட்டி கொடியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.