வாடைக்கு எதிரே

வீட்டின் முன்பக்கத்தில் ஒப்பாரி உச்சத்துக்குப் போனபோது, அருளம்பலம் அடுக்களைக்குப் பின்னால் நிலத்தில் அமர்ந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்தே சூம்பிப்போன இடது கால் ஒரு பக்கம் நீட்டிக் கிடந்தது. பம்பின் தோல் வாசர் தேய்ந்துவிட்டது. அடிக்கிற காற்றில் பாதி ரயருக்குள் போனால் பாதி வெளியே சீறியது. அவரும் விடுவதாயில்லை.

அவரைத் தேடிக்கொண்டு மைத்துனர் முத்துக்குமாரு வந்தார். செத்துப்போன மனைவி செல்வநாயகிக்கு அண்ணன். விடியற்காலையிலிருந்து பந்தல், பறைமேளம், பாடை என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நின்று பார்ப்பவர்.

"மச்சான், ஐயர் வந்திட்டார். உதென்ன வேலை பாக்கிறியள்?"

"பின்சில்லு காத்து இறங்கிப்போச்சு."

"இண்டைக்கோ உது முக்கியம்?"

"இண்டைக்குத்தான்."

முத்துக்குமாருவுக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "உந்தச் சைக்கிள்தான் என்ரை தங்கச்சியைத் திண்டது. மாரி மழைக்குள்ளை பேய் பிடிச்ச மாதிரி உழக்கித் திரிஞ்சாள். சொல்லச் சொல்லக் கேட்டியளே? உதைத் தூக்கிக் கிணத்துக்கை போடோணும்."

அருளம்பலம் பம்பைக் கீழே வைத்தார். "அவ சைக்கிளாலை விழேல்லை, மச்சான். தேங்காய் திருவிக்கொண்டு இருக்கேக்கை திருவலையாலை சரிஞ்சவ. அப்ப திருவலையையும் கிணத்துக்கை போடுவமோ?"

மூளையில் நரம்பு வெடித்ததென்றும், சும்மா படுத்திருந்தாலும் அது வெடித்திருக்குமென்றும் டாக்குத்தர் சொன்னதை முத்துக்குமாருவும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். ஆனால் நல்லாயிருந்த தங்கச்சி திடீரென்று போய்விட்டால், எதையாவது பிடித்து உலுப்பத்தானே வேண்டும்? சைக்கிள் கைக்குக் கிட்ட நின்றது.

அது செல்வநாயகியின் சைக்கிள். பெண்கள் ஓட்டுகிற பழைய சைக்கிள், பின்னால் அகலமான கரியர். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கரியர் அருளம்பலத்தின் ஆசனம். தையல் மெசினை நல்ல காலால் மிதித்து ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற மனிசனால் சைக்கிள் மட்டும் உழக்க முடியாது. சந்தைக்கு, கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு எல்லாம் அவள்தான் ஏற்றிக்கொண்டு போவாள். ஆரம்பத்தில் சந்தியில் நிற்கிறவர்கள் விசிலடித்தார்கள். "என்னண்ணை, மனுசி உழக்க நீங்கள் சவாரியோ?" என்று கேட்டால், "எனக்கு டிரைவர் இருக்கு. உனக்கு இருக்கோடா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாளடைவில் கேட்பவர்களுக்கே சலித்துவிட்டது.

போன வருஷம் ஊர் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று அறையில் குண்டு விழுந்து கூரை போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. பெற்றோல் இல்லை, கார் இல்லை. ஒருநாள் அடுத்த வளவுக் குணலட்சுமிக்கு வலி கண்டபோது, செல்வநாயகிதான் கரியரில் ஏற்றிக்கொண்டு போனாள். பாதி வழியில், கொட்டுகிற மழையில், ஒரு வேப்பமரத்தடியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதன் உயிர் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த செல்வநாயகி நனைந்த சேலையோடு அப்படியே வாசலில் நின்றாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கூரையைப் போடாமல் நான் விடமாட்டன்," என்றாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் அருளம்பலத்துக்கு அது நடக்குமென்று விளங்கியது.

பெண்கள் சேர்ந்து குடாநாட்டைச் சைக்கிளில் சுற்றிவருவது, ஓடுகிற ஒவ்வொரு மைல்கட்டைக்கும் ஊரார் கூரைக்கு ஏதாவது தருவது என்று ஏற்பாடு. சிலர் கிடுகு சொன்னார்கள், சிலர் ஆணி, சிலர் சந்தையில் விற்க வெங்காயம். கூரைக்கு முக்கியமானது மரம், கிடுகைத் தாங்கும் பனஞ்சிலாகை. மரம் விற்கும் மரக்காலை முதலாளி நாகலிங்கத்தார் கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். "பருத்தித்துறைக்குப் போய், சாவகச்சேரி சுத்தி, யாழ்ப்பாணத்தாலை வாறதோ? பொம்பிளையளோ? சரி, கட்டைக்கு ஒரு பனஞ்சிலாகை நான் தாறன். எழுதி வையுங்கோ!" சுன்னாகச் சந்தியைத் தாண்டினால் போதும், இளைத்துத் திரும்பிவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

ஐப்பசியில் மழை தொடங்க, சைக்கிள் ஓடிப் பழகுவதும் தொடங்கியது. வெள்ளம் நின்ற ஒழுங்கைகளில் சில்லு பாதி மூழ்க மூழ்க உழக்கினார்கள். சேலை சங்கிலிக்குள் மாட்டுகிறதென்று அருளம்பலம் எல்லோருக்கும் பிரித்த பாவாடை தைத்துக் கொடுத்தார். நின்றால் பாவாடை, ஏறினால் காற்சட்டை. ரயர் கிடைக்காத காலம், வெடித்த ரயரையும் தடித்த நூலால் அவரே தைத்தார். செல்வநாயகி மட்டும் ஒருநாளும் தனியே பழகவில்லை. "உங்களை வச்சு உழக்கினாத்தான் அண்டைக்குத் தனிய ஓடேக்கை லேசாயிருக்கும்," என்று அவரையும் பின்னால் ஏற்றிக்கொள்வாள்.

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலை கிடையாது. மாரிகாலத்து வாடைக்காற்றுத்தான் மலை. வயல்வெளிக்கு வந்ததும் அது முகத்தில் அறையும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவள் எழும்பி நின்று மிதிப்பாள். அவள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அருளம்பலம் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார். அப்படியாவது பாரம் குறையாதா என்று.

"மூச்சை விடுங்கோ," என்பாள் அவள், திரும்பாமலே. "அடக்கினால் பாரம் கூடுது."

"காத்துக்கு என்னப்பா பாரம்?"

"உழக்கிறவளுக்குத்தான் தெரியும்."

இனி அதைச் சொல்ல ஆளில்லை. வீட்டின் முன்பக்கத்தில் கூறைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நேற்றிலிருந்து அருளம்பலம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "மனிசன் கல்லு," என்று பெண்கள் காதுக்குள் கதைத்தது அவர் காதிலும் விழுந்தது. கதைக்கட்டும். அவருக்கு அடைத்துக்கொண்டு கிடந்த இடம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குளித்து, ஈர வேட்டியோடு கிரியைக்கு அமரப் போனபோது நாகலிங்கத்தார் வந்து கையைப் பிடித்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான்.

"அருளம்பலத்தார், நல்ல மனுசி போட்டா. இனி அந்த ஓட்டக் கதையை ஒருதரும் எடுக்காமல் விடுவம், என்ன? அவவோடையே அது போகட்டும்."

"ஆர் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இருக்கு."

"அவ இல்லாமல் ஆர் ஓடுறது?"

அருளம்பலம் திரும்பி மகளைப் பார்த்தார். தவமலர் தாயின் தலைமாட்டில் இருந்தாள். அழுது வீங்கிய முகம், அதில் தாயின் மோவாய். பழக்கத்துக்குப் போன பெண்களில் அவளும் ஒருத்தி. தகப்பனை நிமிர்ந்து பார்த்தவள், பார்வையை நாகலிங்கத்தார் பக்கம் திருப்பி, அங்கேயே வைத்திருந்தாள்.

முத்துக்குமாரு இடையில் விழுந்தார். "செத்த வீட்டுத் துடக்கு, மச்சான். ஓட்டம் கோயில் வாசலிலை தேங்காய் உடைச்சுத் துவங்கிறது. துடக்கோடை அங்கை போய் நிக்கேலுமே?"

"கோயில் வாசல் இல்லாட்டி, எங்கடை வாசற்படலையிலை துவங்குவம்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ."

ஐயர் தர்ப்பையை நீட்டினார். அருளம்பலம் மோதிர விரலை நீட்டிப் போட்டுக்கொண்டார்.

கிரியை முடிந்து, வாய்க்கரிசி போட்டு, பாடை எழும்பியது. பறை அதிர்ந்தது. பெண்கள் தலையிலடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். படலை வரைக்கும்தான் அவர்கள் ஓடலாம். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. படலையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வீட்டைக் கழுவ வேண்டும்.

கொள்ளிச்சட்டியை முத்துக்குமாருவின் மகன் தூக்கினான். சுடலை வரைக்கும் நடக்க அருளம்பலத்தால் முடியாதென்று, அவரை ஏற்றிப்போக முத்துக்குமாரு தன்னுடைய சைக்கிளை ஆயத்தமாக வைத்திருந்தார்.

"ஏறுங்கோ, மச்சான்."

"எனக்குக் கரியர் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் பார்த்தார். தவமலர் தாயின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பிரித்த பாவாடை உடுத்தியிருந்தாள். ஒப்பாரி ஒரு கணம் தடுமாறி நின்றுபோனது.

"அவள் பொம்பிளைப் பிள்ளை! படலையைத் தாண்டக் கூடாது!" முத்துக்குமாருவுக்குக் குரல் கிழிந்தது.

"இருவத்தைஞ்சு வருசமாய் நான் இந்தக் கரியரிலைதான் எல்லா இடமும் போனனான். இண்டைக்கு மட்டும் வேறை ஒண்டிலை ஏறமாட்டன். அவள் உழக்கினால் வாறன். இல்லாட்டி வரேல்லை."

"வராட்டிப் போங்கோ! என்ரை மகன் கொள்ளி வைப்பான்."

அருளம்பலம் தர்ப்பை போட்ட மோதிர விரலைத் தூக்கி ஐயருக்குக் காட்டினார். ஐயர் தர்மசங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "கிரியை செய்தவர்தான் கொள்ளியும் வைக்கோணும்," என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. "கெதியெண்டு ஒரு முடிவு எடுங்கோ. மழை வந்தால் விறகு நனைஞ்சிடும்."

பாடையைத் தோளில் தாங்கியவர்கள் கால் மாற்றி நின்றார்கள். பறையடிப்பவர்கள் அடிப்பதா விடுவதா என்று பார்த்தார்கள். முத்துக்குமாரு தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். படலையை மறித்து நின்ற அவர் கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கமாக விலகினார். சம்மதித்து விலகினாரோ அழுகை வந்து விலகினாரோ, வழி விட்டார்.

தவமலர் ஏறி ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாள். அருளம்பலம் வழக்கம்போல நல்ல காலை ஊன்றி, கரியரில் ஒரு பக்கமாக ஏறி இருந்தார். சைக்கிள் படலையைத் தாண்டியது.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. குணலட்சுமி. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள், ஒவ்வொருத்தியாக, வேலியோடு சாத்தியிருந்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு. "வாடி உள்ளை!" என்று ஒருத்தியின் மாமியார் கத்தினாள். அவள் உள்ளே போகவில்லை.

தோளில் சால்வையோடு நடந்துகொண்டிருந்த நாகலிங்கத்தாருக்குப் பக்கத்தில் வந்தபோது அருளம்பலம் குனிந்து சொன்னார்:

"நாகலிங்கத்தார், ஆக்களைப் பாத்துக்கொண்டீரோ? உவையள்தான் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுறவை. சிலாகையை அறுக்கத் துவங்கும்."

நாகலிங்கத்தார் எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். "ஓம், அறுக்கிறன்," என்றார்.

ஊர் முடிந்து வயல்வெளி வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளம். தூரத்தில் சுடலை மடத்தின் ஓடு தெரிந்தது. வெளிக்குள் இறங்கியதும் வாடை வந்து முகத்தில் அறைந்தது. பாடையின் பூச்சரங்கள் பின்பக்கமாகப் பறந்தன. சைக்கிள் ஆடியது. தவமலர் எழும்பி நின்று மிதித்தாள். தாயைப் போல முதுகை வளைத்து, தாயைப் போலவே வலது தோளைக் கொஞ்சம் இறக்கி.

அருளம்பலம் கரியரின் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். முன்னே பாடை போய்க்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் மகள், திரும்பாமலே.

"என்ன, பிள்ளை?"

"மூச்சை விடுங்கோ. பாரமாய்க் கிடக்கு."

அவர் விட்டார். அது வெளியே வர நெடுநேரம் எடுத்தது. அவருடைய தோள்கள் குலுங்கியதில் சைக்கிள் ஒருமுறை தள்ளாடியது. தவமலர் ஹாண்டிலை நேராக்கிக்கொண்டு, காற்றுக்குள் தலையைக் குனிந்து, தொடர்ந்து உழக்கினாள்.