மதாம், உங்களுக்குச் சிரமமில்லையே?

"பிரான்ஸ் தன் மன்னர்களை இழந்தது, கடவுளை இழந்தது, காலனிகளை இழந்தது. ஆனால் திரையரங்கின் விளக்குகள் அணையும் அந்தப் புனிதமான நொடியை மட்டும் அது ஒருநாளும் இழக்கவில்லை!"

ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியர் முசியே கெருவெல் மேடையில் இப்படி முழங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விளக்குகள் அணையவில்லை. சுவிட்சைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கழிப்பறைக்குப் போயிருந்தார். கெருவெல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். நாலு நிமிஷம் புனிதம் காத்திருந்தது.

மார்ச் மாதத்து ஞாயிறு, மதியம் மூன்று மணி. சிப்பி வளர்த்துப் பிழைக்கும் அந்தச் சிற்றூரின் ஒரே திரையரங்கில் நூற்றிருபது இருக்கைகளும் நிரம்பியிருந்தன. கலைத் தாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படத்தைப் போன கோடையில் இதே ஊரில்தான் எடுத்தார்கள். தங்கள் வீட்டு ஜன்னல் தெரிகிறதா, தங்கள் நாய் தெரிகிறதா என்று பார்க்க வந்தவர்களே முக்கால்வாசிப் பேர். படத்தின் பெயர் 'ஈரத்தின் இலக்கணம்'. கடல் பற்றிய படம் என்று நம்பி மீனவர் சங்கத்தினர் கூண்டோடு வந்திருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் பஸ்தியேன் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்திரண்டு. அப்பாவின் சிப்பிப் பண்ணையில் வேலை. அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பக்கத்தில் அம்மா.

"எதுக்குடா இந்தக் கோட்டு? சினிமாதானே, ஞானஸ்நானமா?"

"சும்மாதாம்மா."

சும்மா இல்லை. நாலு நாள் முன்பு சந்தையில் ஒதீல் தானாக வந்து அவன் கையில் டிக்கெட்டைக் கொடுத்திருந்தாள். "கண்டிப்பா வாங்க, முசியே பஸ்தியேன். உங்களுக்குப் பிடிக்கும்." சந்தையில் ஊரே காது கொடுத்துக்கொண்டு நிற்கும், அதனால்தான் 'வாங்க' என்றாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவள் செய்வது எல்லாவற்றையும் அவளுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வது அவனுக்குப் பத்து மாதப் பழக்கம்.

ஒதீலுக்கு நாற்பத்துமூன்று வயது. நூலகத்துக்குத் தலைவி, திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளர். போன வருஷம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, பதினொரு வியாழக்கிழமைகள், நூலகம் அடைத்த பிறகு பஸ்தியேன் அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய்வந்தான். வயசுப் பையன்கள் எல்லோரும் பீர் குடித்த கதை போல அலட்சியமாகச் சொல்லும் விஷயம் அவனுக்கு அதுவரை நடந்ததே இல்லை. நடக்கவிருந்த அன்று, அவள் அவன் சட்டையின் முதல் பொத்தானை அவிழ்த்தபோது, அவன் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "மதாம், உங்களுக்குச் சிரமமில்லையே?"

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் காதலித்தான். "ஒதீல்னு கூப்பிடு. என்னை நீன்னே சொல்லு" என்றாள். "சரிங்க" என்றான்.

அந்த 'நீ' கடைசி வரைக்கும் அவன் நாக்கில் ஏறவில்லை. முதல் மூன்று வாரம் உடம்பும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தனக்கு என்னவோ கோளாறு, தான் மற்றவர்களைப் போல இல்லை என்று நாலாவது வாரம் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். அவள் தலைமுடியைக் கோதிவிட்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கும். யாருக்கும் தெரியாது" என்றாள். அவன் நம்பினான். அந்த நம்பிக்கைக்குப் பிறகுதான் எல்லாம் சரியாயிற்று.

மே மாதம் பாரிஸிலிருந்து இயக்குநர் அர்மான் ப்ரெசாக் திரைக்கதை எழுத ஊருக்கு வந்து இறங்கினார். நூலகத்தில் வேலை அதிகமாகிவிட்டது என்றாள் ஒதீல். வியாழக்கிழமைகள் நின்றன. இன்று டிக்கெட் வந்திருக்கிறது. அதனால்தான் கோட்டு.

விளக்குகள் ஒருவழியாக அணைந்தன.

திரையில் ஒரு ரொட்டிக்கடை. ஓர் இளைஞன் மாவு பிசைந்தான். பிசைந்தான். மேலும் பிசைந்தான்.

"இவன் வீட்டுல வேற ஆள் இல்லியா?" என்றாள் அம்மா.

பிறகு அந்த இளைஞன் ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கைகழுவினான். கழுவிவிட்டு முகர்ந்து பார்த்தான். மறுபடி தேய்த்தான்.

"இதென்ன கூத்து! ரொட்டி வாசனையை எவனாவது கழுவுவானா?" அம்மா காதருகே கிசுகிசுத்தாள். "மீன் நாத்தம், சிப்பி நாத்தம்னா சரி, எலுமிச்ச..."

வாக்கியம் அங்கேயே நின்றது. போன வசந்தத்தில் பழப் பணியாரத்துக்கு என்று அவள் வாங்கி வைத்த எலுமிச்சைகள் வாராவாரம் மாயமானதும், அதற்காக அப்பாவிடம் சண்டை போட்டதும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவள் தலை மெல்லத் திரும்பியது. பஸ்தியேன் திரையையே பார்த்தான். அவன் காதுகள் சிவந்திருந்தது இருட்டிலும் தெரிந்திருக்கும்.

திரையில் பின்வாசல் திறந்தது. திரையில் ஒரு பெண் முதல் பொத்தானை அவிழ்த்தாள். 'சொல்லாதே' என்று பஸ்தியேன் மனசுக்குள் அந்த நடிகனைக் கெஞ்சினான்.

"மதாம், உங்களுக்குச் சிரமமில்லையே?" என்றான் நடிகன்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மீனவர் சங்க வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டி, "அனுமதி பத்திரம் கொண்டு வந்திருக்கியாடா?" என்று கத்தினார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் "சரிங்க" வந்துவிட்டது, இரண்டாவது அலை. தலையணை வந்தது. அழுகை வந்தது. அதற்கும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதுதான் மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாக இறங்கியது. அந்தத் தலையணை இருந்த அறையில் இரண்டே பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் இங்கே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்மா நேராகப் பார்த்தபடி கேட்டாள்: "வியாழக்கிழமை பந்து விளையாடப் போறேன்னுதானே சொன்னே?"

"ம்."

"அதான் ஷூ அழுக்காவே இல்ல."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நாய்க்குச் சொந்தக்காரர் வரைக்கும் நன்றி சொல்லிவிட்டு, தனியாக ஒரு வரி வந்து நின்றது: 'உரையாடல் உதவி — ஒதீல் காம்பியே.'

"ஓ" என்றாள் அம்மா. கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர்களை ஒரு படத்தைப் பார்க்க வைத்துவிட்டு விவாதம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மேடையில் நாற்காலிகள் போட்டார்கள். கழுத்தில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு ப்ரெசாக் உட்கார்ந்தார். ஒதீல் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே வந்தாள்.

முதல் கேள்வி மீனவர் சங்கத் தலைவருடையது. "முசியே, படத்துல கடல் எங்க?"

"கடல் அந்த இளைஞனுக்குள்ளே இருக்கிறது" என்றார் ப்ரெசாக்.

"படகு?"

"படகும்தான்."

தலைவர் யோசனையோடு உட்கார்ந்தார். கெருவெல் எழுந்தார். அந்த 'உங்களுக்கு' என்ற ஒரு சொல்லில் வர்க்கப் போராட்டத்தின் மொத்த வரலாறும் அடங்கியிருப்பதாகவும், புரட்சிக்குப் பிறகும் நம் படுக்கையறைகளில் முடியாட்சி நீடிப்பதாகவும் ஆறு நிமிஷம் விளக்கினார்.

"எனக்கென்னவோ பையன் பயந்துட்டான்னுதான் தோணுச்சு" என்றார் மருந்துக்கடை மதாம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்த ஒரு வரிக்காக ஆறு மாதம் காத்திருந்தேன்" என்றார் ப்ரெசாக், கண்ணாடியைக் கழற்றியபடி. "எழுதினேன், கிழித்தேன். ஒரு நாள் நடந்துபோகும்போது தானாக வந்தது. அது என் வரி என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

கூச்சத்துக்குக் கைதட்டல் கிடைத்தது.

பஸ்தியேனின் கை மேலே போயிருந்தது. அவன் தூக்கியதாக அவனுக்கு நினைவில்லை. அம்மா கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா. எல்லாரும் மறந்துடுவாங்க. உக்காரு."

ஒதீல் வந்தாள். ஒலிவாங்கியை நீட்டினாள். "பேசுங்க, முசியே."

அவள் முகத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. இவளைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும், ஏன் சொன்னாய் என்று. ஆனால் எப்படிக் கேட்பது? 'ஏன் சொன்னே' என்றால் இவளை 'நீ' என்று அழைக்கும் உறவு தனக்கு இருந்தது என்று நூற்றிருபது பேருக்கு அறிவித்தது போல ஆகும். 'ஏன் சொன்னீங்க' என்றால் படத்து நாயகன் எழுந்து நிற்கிறான் என்று அரங்கம் மறுபடி வெடிக்கும். இரண்டு சொல்தான் மொழியில் இருக்கிறது. இரண்டையும் ப்ரெசாக் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"அந்த வரி..." என்றான். "அந்த வரி உண்மையிலேயே நடந்துபோகும்போதுதான் வந்ததா?"

"மிக அழகான கேள்வி" என்றார் ப்ரெசாக். "ஆமாம்."

"கூட யாரும் நடக்கலையா?"

ப்ரெசாக்கின் பார்வை ஒரு நொடி ஒதீல் பக்கம் போனது. அவள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒருத்தருக்கு ஒரு கேள்விதான், முசியே. அர்மான், அடுத்ததுக்குப் போயிடலாமா? நீ தண்ணி குடி முதல்ல."

நீ. சினிமாக்காரர்கள் பார்த்த மாத்திரத்திலேயே எல்லோரையும் 'நீ' போடுகிறவர்கள்தான். ஆனால் அவள் சொன்ன அந்த 'நீ' அப்படிப்பட்டதல்ல. பதினொரு வியாழக்கிழமை தன் காதருகே கேட்ட குரல் அது என்று பஸ்தியேனுக்குத் தெரியாமல் போகுமா?

வெளிக்கூடத்தில் வெள்ளை ஒயினும் சிப்பியும் ஏற்பாடாகியிருந்தன. சிப்பி அவர்கள் பண்ணையின் அன்பளிப்பு. அப்பாவுக்கு முதுகுவலி, ஆகவே ஓட்டைத் திறந்து கொடுக்க வேண்டிய ஆள் பஸ்தியேன். கோட்டுக்கு மேலேயே ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, குட்டைக் கத்தியோடு மேஜைக்குப் பின்னால் நின்றான். ஓடிப்போயிருக்கலாம். பன்னிரண்டு டஜன் சிப்பியை வைத்துவிட்டு எங்கே ஓடுவது?

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஒதீல் தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். தலையைக் குனிந்து, சிப்பியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"கோபமா? உன் பேரை எங்கயும் சொல்லலியே. ரொட்டிக்கடைன்னுதானே மாத்திருக்கு."

அவன் கத்தியைக் கீல் இடுக்கில் செருகித் திருப்பினான்.

"நான் எதையும் கேலி பண்ணலடா. அழகா இருந்துச்சு. அதனாலதான் சொன்னேன். இப்ப அது என்னைக்கும் அழியாது. யோசிச்சுப் பாரு, எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?"

"தலையணையையுமா?"

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அவனிடம் இருந்தது. அதில் 'நீ' இருந்தது. பண்ணையில் சிப்பி அடைத்த வலை மூட்டைகளைப் புரட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பான். அட்லாண்டிக் கடலை எத்தனையோ தடவை 'நீ' என்று அழைத்திருக்கிறான். இப்போது நிமிர்ந்து, அவளை நேராகப் பார்த்து, வாயைத் திறந்தான்.

"எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லைங்க" என்றான். "அது உங்களுக்கே தெரியும்."

"அடடா!" அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ப்ரெசாக்கின் குரல் வந்தது. அவர் காலிச் சிப்பி ஓட்டை மேஜையில் வைத்தார். "கேட்டியா, ஒதீல்? அதே 'உங்களை'! அச்சு அசல்! இந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது, நான் சொன்னேனே!" அவர் பஸ்தியேனை மேலிருந்து கீழாக, ஒரு நாற்காலியை விலைக்குப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒதீல் அவர் கையைப் பிடித்தாள். அவர் கவனிக்கவில்லை. "என்ன முகம்! என்ன மௌனம்! தம்பி, நீங்க நடிக்கிறதைப் பத்தி எப்பவாவது யோசிச்சதுண்டா?"

பஸ்தியேன் இன்னொரு சிப்பியை எடுத்தான்.

போன ஜூனில், அந்த ரொட்டிக்கடைப் பையன் வேஷத்துக்கு உள்ளூர் இளைஞர்களை நகரமன்றக் கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, பஸ்தியேனும் போயிருந்தான். நம்பும்படியாக இல்லை என்று இரண்டே நிமிஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.