கடைசி வீட்டுக் குழாய்

1

இந்தக் கதை எனக்குத் திருநின்றவூர் ரயிலில் கிடைத்தது. சொன்னவள் ஷோபனா, அம்பத்தூரில் குடிநீர் அலுவலக உதவிப் பொறியாளர். ஸ்டேஷன் வருவதற்குள் பாதிதான் சொன்னாள். மீதி, மறுநாள் அதே பெட்டியில்.

முதலில் வரலாற்றிலிருந்து தொடங்கிப் பார்த்தேன்: 'வெள்ளைக்காரன் காலத்திலேயே செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்குப் போய்விட்டது, ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்த அம்பத்தூரோ காத்திருந்து காத்திருந்து...'

வேண்டாம். அம்பத்தூரில் ஒரு தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்திபேதி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை என்று தெருவே கொதித்தது. ஷோபனா ஊழியர் கஜபதியோடு ஜீப்பில் போய் இறங்கினாள்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம்: தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால், விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடையும் உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் அது குற்றம்.)

கடைசி வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஞானம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"மோட்டார் போடலன்னா எனுக்கு ஒரு சொட்டு வராது கண்ணு. எங்க ஊட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாரு. நானு இன்னா பண்ணட்டும்?"

தெரு கைதட்டியது. "புடிச்சாச்சுப்பா!"

கஜபதி குரலைத் தாழ்த்தினார். "மேடம், எல்லா ஊட்லயும் கீது. ஜீப்ப பாத்ததும் கயட்டி ஒளிச்சிட்டாங்க. இந்தம்மா வூட்டுக்காரர் துணிய அலசிகினு இருந்துச்சு, கவனிக்கல."

3

இந்த இடத்தில்தான் ஷோபனாமீது எனக்குச் சந்தேகம் வந்தது. 'கண் கலங்கி மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தாள்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் கொடுக்கவில்லை. மோட்டாரை ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். ஞானம்மாள் சண்டை போடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் ஷோபனா அன்று சாப்பிட்டிருப்பாள்.

4

விரிசலை அடைத்தார்கள். குழந்தைகள் தேறி வீட்டுக்கு வந்தார்கள். நானாக இருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஷோபனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த முறை தண்ணீர் விடும் நேரத்தில் ஜீப்பை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தே தெருவுக்குள் போனாள். வீடு வீடாகத் தட்டினாள். அன்று கைதட்டியவர்கள் இன்று எகிறினார்கள்.

"யார் ஊட்டுக்குள்ள பூர்றே நீ?"

"தண்ணி வர்ற எடத்துக்குத்தான் சார் வர்றேன்."

கஜபதி மோட்டார்களைச் சுமந்து சுமந்து வியர்த்துப்போனார். கடைசி வீட்டை நெருங்கியபோது அங்கே குழாய் இருமியது. காற்று வந்தது. அப்புறம், பென்சில் தடிமனில், தண்ணீர்.

ஞானம்மாள் ஓடிப்போய்க் குடத்தை வைத்தார். அது பாதி நிறையும்வரை ஷோபனாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு கேட்டார்:

"நாளிக்கும் இப்டியே வருமா கண்ணு?"

5

'வரும்மா என்றாள் ஷோபனா.' அடித்துவிட்டேன்.

'தெரியலம்மா என்று...' இதையும்.

என்னதான் பதில் சொன்னாய் என்று ரயிலில் அவளையே கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞானம்மாள் குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி இன்னும் பதிலுக்கு நிற்கிறார். உங்கள் வீட்டில் மோட்டார் இல்லையென்றால், நீங்களே சொல்லிவிடுங்கள்.