வயர்லஸ் செட்டின் மேல் ஒரு சொட்டு

வானத்தை விட்டுப் புறப்படும் மழை எந்த வளைவில் திரும்பும், எந்த ஆணியில் தங்கும், எங்கே போய் விழும் என்பதை முழுமையாக அறிந்தவர் இந்த நாட்டில் ஒருவர்தான். அவர் சாய்ந்தமருதில் இருக்கிறார். இதைச் சொன்னவரும் அவரே. பெயர் ஸஜாத், வயது இருபத்தாறு, பைபர் படகு திருத்தும் வேலையில் ஆறு மாதச் சான்றிதழ்.

கச்சிமுகம்மது காக்காவின் ஆழ்கடல் படகு ஒலுவில் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. அதன் கெபினுக்குக் கூரை இருந்தது. கூரைக்குக் கீழே மழையும் இருந்தது. சொட்டு சரியாக வயர்லஸ் செட்டின் மேல்தான் விழும். செட்டை இடப்பக்கம் மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் சொட்டும் வீடு மாறி வந்துவிட்டது. பொலித்தீன் சுற்றினார்கள். செட் உள்ளுக்குள் வேர்த்துச் செத்தது. இப்போது இருப்பது மூன்றாவது.

செட் இல்லாமல் கடலுக்குப் போக அனுமதி கிடையாது. ஒழுக்கு நிற்கும் வரை இருக்கிற செட்டை நம்பிப் புறப்படவும் முடியாது. பதினெட்டு நாளாகப் படகு அசையவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் புறப்படாவிட்டால் பொத்துவில் படகொன்றில் ஏறிவிடுவோம் என்று தொழிலாளிகள் நால்வரும் காக்காவிடம் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். ஆள் போய்விட்டால் மாரி முடியும் வரை அந்தப் படகு நண்டுகளுக்குத்தான்.

ஸஜாத் திங்கட்கிழமை வந்தான். அதுவரை ஒழுக்குப் பார்க்கும் பொறுப்பு நால்வரில் ஒருவரான சமையல்காரர் அதாவுல்லாவிடம் இருந்தது. அவர் சொட்டை விரலில் ஏந்தி நக்கிப் பார்ப்பார். வலைப் பக்கத்திலிருந்து வந்தால் மீன் செதிள் ருசிக்கும், இஞ்சின் பக்கமென்றால் டீசல், நேரே கூரையால் வந்தால் ஒன்றுமே ருசிக்காது. அன்றும் நக்கிவிட்டு, இது கூரைத் தண்ணீர் இல்லை என்றார்.

ஸஜாத் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தான்.

“அதாவுல்லா காக்கா, ஒங்கட நாக்கு ஆணத்துக்கு உப்புப் பாக்கத்தான். போட்டுக்கு இல்ல.”

“அப்ப நீ என்னத்தால பாக்கப் போறாய் தம்பி?”

“விஞ்ஞானத்தால.”

விஞ்ஞானம் ஒரு பெட்டி பள்ளிக்கூட வெண்கட்டியாக வந்திருந்தது. உள்கூரையைத் துடைத்துக் காயவைத்து, சாணுக்கு ஒரு கோடு கீறினான். அதாவுல்லா வெளியே நின்று கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு ஒரு வாளி வீதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைகிற கோடு குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். செவ்வாய் பின்னேரம் கெபின் முதலாம் ஆண்டு வகுப்பறை போல இருந்தது. புதன் காலை ஏழு குற்றவாளிகள் அகப்பட்டார்கள்.

கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வருடா வருடம் காக்கா கெபின் கூரையிலும் துளையிட்டு ஒரு கொடி நடுவார். போன வருடத் துளையில் இந்த வருடக் கொடியை நடுவது அவருக்கு மனம் ஒப்பாது. ஏழு வருடம், ஏழு துளை. ஒன்றை மெழுகுதிரி அடைத்திருந்தது, ஒன்றைச் செருப்புத் துண்டு. ஸஜாத் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

“அது நல்ல எண்ணத்தோட நிய்யத்து வெச்சிப் போட்ட ஓட்டை. அதால ஒழுகாது.”

ஸஜாத் ஏழையும் ரெசின் ஊற்றி அடைத்துத் தேய்த்தான். இனி இதற்குள் மழை வருவதென்றால் கதவைத் தட்டித்தான் வர வேண்டும் என்றான்.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. ஆறு பேரும் கெபினுக்குள் நெருங்கி நின்று, பிறை பார்ப்பதைப் போல உள்கூரையைப் பார்த்தார்கள். ஏழு துளையும் வாய் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் போனது. காக்காவின் முகத்தில் ஏதோ தெளியத் தொடங்கியது. வெள்ளிக்கு ஐஸ் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டபடி போனை எடுத்தார்.

அப்போதுதான் அது விழுந்தது, பழைய இடத்திலேயே. செட் ‘டிக்’ என்றது. வெளிச்சம் போனது.

தொழிலாளிகளில் ஒருவன் பாயைச் சுற்றினான். மற்றவர்களும் சுற்றினார்கள். அதாவுல்லா தன் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டார்.

“நாங்க வாறம் காக்கா. கோவிச்சிக்காதீங்க.”

“ஓம்,” என்றார் காக்கா. போன் இன்னும் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, யாரும் கூப்பிடாமலே ஸஜாத் படகுக்கு வந்தான். மழை விட்டிருக்கவில்லை. காக்கா வரவில்லை. கெபினில் பாய்கள் கிடந்த இடங்கள் வெறுமையாக இருந்தன. கீறிய கோடுகள் கரைந்து சுவர் வழியே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தன. எந்தக் கோடு முதலில் நனைந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அவன் கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தான். ஒருவருமில்லை. செட்டின் மேல் விரலை நீட்டி ஒரு சொட்டை ஏந்தினான். நாக்கில் வைத்தான்.

வெண்கட்டிதான் தெரிந்தது. வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுக்கு விரலை நீட்டினான்.