அறுபத்தெட்டு டிகிரியில் நின்ற கறி

லிஃப்ட் மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது. எது ஓடாமல் நின்றாலும் திறந்து பார்த்துவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கட்டப்போகும் பையனின் அப்பாவும் அம்மாவும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று, காலை ஆறு மணிக்கே வீட்டுக்குப் பின்னால் மூடி போட்ட சின்ன உருண்டைக் கரியடுப்பைப் பற்றவைத்தார். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கம்பியில் ஆட்டின் முன்னந்தொடை முழுசாக. மெதுவாக வேகவிட்டால் எலும்பு தானாகக் கழன்று வரும் என்று ஒரு வாரமாக மனைவியிடம் அளந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கறியில் குத்தியிருந்த வெப்பமானி அறுபத்தெட்டு டிகிரி காட்டியது. பத்தரைக்கும் அதையேதான் காட்டியது.

"கடையில சொல்லி ஏதாவது வாங்கிடுவோமா?" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னல் வழியாக.

"இன்னும் அரை மணி நேரம்."

"பத்தரைக்கும் இதையேதான் சொன்னீங்க."

பையனின் அப்பா ஓட்டுத் தொழிற்சாலையில் சூளை பார்ப்பவர். இரண்டு முறை சந்தித்தும் மனிதர் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டலோடு சரி. சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர உறுத்தல். இதில் வேகாத கறி வேறு.

சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே வாசல் மணி அடித்தது. சூளைக்காரர் கூடத்தில் உட்காரவில்லை. புகை வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே பின்பக்கம் வந்து, அடுப்பின் முன் குந்தினார்.

"எத்தனை தடவ மூடியத் திறந்தீங்க?"

அவர் பேசியதிலேயே மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு தடவ இருக்கும்."

"பதினாலு," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

சூளைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுப்பின் அடியில் இருந்த பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அடைத்திருந்த சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"காத்து போக வழியில்ல. கறிக்கும் வேர்க்குது. அது அடங்கினாத்தான் சூடு ஏறும். நாம கைய வைக்காம இருந்தாப் போதும்."

"சும்மாவா உக்காரணும்?"

"சூளைக்கு முன்னால நான் மூணு நாள் உக்காருவேன்."

இரண்டு நாற்காலிகள் வந்தன. மூடிப் பக்கம் கை போகும்போதெல்லாம் மெக்கானிக் தீயைப் பற்றி ஏதாவது கேட்டு அதை அடக்கிக்கொண்டார். கேட்கக் கேட்க அந்த மனிதர் பேசித் தீர்த்தார். எந்த நிறத் தீயில் ஓடு வெடிக்கும் என்பதில் தொடங்கி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூளை நிறைய இருந்த ஓடுகளையெல்லாம் கருக்கிவிட்டு, முதலாளிக்குப் பயந்து சினிமாக் கொட்டகையில் தொடர்ந்து மூன்று காட்சி பார்த்தது வரை.

"இந்தக் கதைய என்கிட்டகூட சொன்னதில்ல," என்றாள் பின்வாசலில் வந்து நின்ற பையனின் அம்மா, ரொட்டியைக் கடித்தபடி. பசி தாங்காமல் உள்ளே எல்லோரும் ரொட்டியில் கைவைத்திருந்தார்கள்.

மூன்றேகாலுக்கு வெப்பமானி தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. மெக்கானிக் எலும்பைப் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் மேசையில் எல்லோரும் இரண்டாம் தடவையும் கறி போட்டுக்கொண்டார்கள்.

"கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம் சம்பந்தி?" என்று கடைசியில் கேட்டவர் சூளைக்காரர்தான். நாள்காட்டியை எடுக்க எல்லோரும் முதலில் கைகழுவ வேண்டியிருந்தது.