கல்யாணப் பொண்ணு கழுத்துல முத்து

அந்தப் பூச்சியை நான் அடிச்சிருக்கக் கூடாது. வேன் டிரைவர் தங்கையன் அண்ணன் அப்பவே கத்தினார், "அடிக்காதீங்க தங்கச்சி, ஊதி விடுங்க!" நான் என்னைக்கு அடுத்தவங்க பேச்சைக் கேட்டிருக்கேன்? பட்டுனு கழுத்துல ஒரு அடி.

லால்குடியிலேருந்து ஸ்ரீரங்கத்து மண்டபத்துக்குப் போற பொண்ணழைப்பு வேன் அது. பொண்ணு நான்தான், ரஞ்சனி. தை மாசம், வாளாடிப் பக்கமெல்லாம் நெல் அறுப்பு. பொழுது சாஞ்ச நேரத்துல ஜன்னலைத் திறந்துபோட்டு, உள்ளே லைட்டையும் எரியவிட்டா வயக்காட்டுப் பூச்சி அத்தனையும் வேனுக்குள்ளதான். லைட்டைப் போடச் சொன்னவ ஷெர்லின், என்கூட வேலை பார்க்கறவ. வீடியோ எடுக்கணுமாம். எறும்பு மாதிரி நீளமா, கறுப்பும் சிவப்புமா, இத்தனூண்டு பூச்சி. நசுங்கினதைத் துடைச்சுட்டு அதே கையால கன்னத்தையும் சொறிஞ்சுக்கிட்டேன். என் புத்தியை என்னன்னு சொல்ல!

விடிஞ்சு கண்ணாடியைப் பார்த்தா, கழுத்துலேருந்து கன்னம் வரைக்கும் செவசெவன்னு கோடு. அதுமேல பொடிப்பொடியாக் கொப்புளம். மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி எரியுது. ஷெர்லின் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியை ஒத்திக்கிட்டு இருந்தா. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையோட அம்மா, அமிர்தம் அத்தை, முகூர்த்தப் புடவைத் தட்டோட உள்ளே வந்தாங்க. என்னைப் பார்த்ததும் தட்டு கையில ஆடுச்சு.

"ஐயோ, ஆத்தால்ல வந்திருக்கா! முத்து போட்டிருக்கே!"

"அத்தை, இது அம்மை இல்லை. பூச்சி. நேத்து வேன்ல..."

"வாயை மூடு! ஆத்தாளைப் பூச்சிங்கறியா? கன்னத்துல போட்டுக்க."

"நான் கண்ணால பார்த்தேங்க, பூச்சிதான். பக்கத்துல ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வரேன்"னு ஷெர்லின் சொன்னா.

"நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு, உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. ஆத்தா வந்த உடம்புல ஊசி குத்துவாங்களா?"

அவ்வளவுதான், மண்டபம் முழுக்கப் பரவிடுச்சு. மேளம் நின்னுச்சு. அம்மை வந்த இடத்துல தாளிக்கக் கூடாதுன்னு சமையல்காரர் சாம்பாரை அப்படியே இறக்கி வச்சுட்டார். வாசல்ல மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்துல யாரோ வேப்பிலையைச் சொருகிட்டாங்க.

"முத்து இறங்கி, தலைக்கு மூணு தண்ணி ஊத்தட்டும். கல்யாணத்தை அப்புறம் பார்ப்போம்"னாங்க அத்தை.

அந்த 'அப்புறம்' எனக்கு நல்லாத் தெரியும். எனக்கு முன்னாடியே ஒரு தடவை பரிசம் போட்டு நின்னுபோச்சு. அவங்களும் அப்புறம் பார்ப்போம்னுதான் சொன்னாங்க. அத்தைக்கு மணப்பாறையில அண்ணன் பொண்ணு இருக்கா, அவளைத்தான் எடுக்கணும்னு கொள்ளை ஆசை. என்னைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னது முருகானந்தம். அந்த மகராசன் இப்பப் பட்டு வேட்டியோட கதவோரமா நிக்கிறார்.

"அம்மா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு..."

"பேசாம இருடா. சாமி குத்தம் ஆயிரும்."

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். வாயில கொழுக்கட்டை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "கோடு கிழிச்ச மாதிரி அம்மை வருமா? உடம்புல வேற எங்கேயாவது இருக்கா? தொட்டுப் பாருங்க, காய்ச்சல் அடிக்குதா?"ன்னு கத்தினேன். நான் கத்தக் கத்த அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிடறாங்க. ஆத்தா உக்கிரமா இருக்காளாம்.

அப்பத்தான் என் அப்பா சின்னையா உள்ளே வந்தார். அம்மா போனதுக்கப்புறம் ஒத்தை ஆளா என்னை வளர்த்தவர். வயல்லயே கிடக்கற மனுஷன், அவராவது பூச்சிக்கடின்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு நம்பினேன். அவர் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத் தடால்னு என் கால்ல விழுந்தார்.

"அப்பா! எழுந்திரிங்கப்பா!"

"தாயே, எம்பொண்ணு வாய்த்துடுக்கு. பூச்சி கீச்சின்னு உளறிட்டா, மன்னிச்சிரு. தாயில்லாத புள்ள. இதுவும் நின்னுபோச்சுன்னா என்னால தாங்க முடியாது. அவளை வாழவிடு தாயே."

எனக்காக என்கிட்டயே கெஞ்சறார். முகூர்த்த நேரம் ஓடிட்டு இருக்கு. ரஞ்சனி தொண்டை கிழியக் கத்தினாலும் இங்க யாருக்கும் காதுல ஏறாது. சரி, யார் பேசினா ஏறுமோ அவளே பேசட்டும்.

கண்ணை மூடிக்கிட்டேன். பின்னலைப் பிடிச்சு இழுத்து அவிழ்த்தேன். பயம் மட்டும் நடிப்பு இல்லை, நிஜம். பொய்னு தெரிஞ்சா என்னை மட்டுமா, அப்பாவையும் சேர்த்துக் காறித் துப்புவாங்க.

"ஏய் அமிர்தம்! நல்ல காரியம் பார்க்க வந்தேன்டி. என்னைச் சாக்கு வச்சு நிறுத்தப் பார்க்கறியா?"

"இல்லை தாயே, நான் போய்..."

"மேளத்தைக் கொட்டச் சொல்லு. என் கண்ணு முன்னால தாலி ஏறணும்."

அத்தை என் முகத்தையே உத்துப் பார்த்தாங்க. அப்புறம் தாம்பாளத்துல கற்பூரத்தை ஏத்தி என் முன்னால நீட்டினாங்க.

"அப்படின்னா இதை அடிச்சு உத்தரவு குடு தாயே."

சுவாலை நல்லா எழும்பி எரியுது. ஷெர்லின் என் தோளைப் பிடிச்சு இழுத்தா. நான் உள்ளங்கையை ஓங்கிக் கற்பூரத்து மேல அடிச்சேன். தோல் பொசுங்கின வாசனை எனக்கே வந்துச்சு. கையை எடுக்கலை, கற்பூரம் அணைஞ்ச பிறகுதான் எடுத்தேன். மேளம் கொட்டிடுச்சு.

தாலி கட்டும்போது முருகானந்தம் விரல் கொப்புளத்துல படாம வளைச்சு வளைச்சு முடிச்சுப் போட்டார். காதோரமா, "ரொம்ப எரியுதா ரஞ்சனி?"ன்னு கேட்டார். அந்த மண்டபத்துல அன்னைக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். "முதல்ல முடிச்சைப் போடுங்க"ன்னேன். அழுகை வந்துடுச்சு.

எல்லாம் முடிஞ்சு அப்பாகிட்ட ஆசீர்வாதம் வாங்கக் குனிஞ்சேன். அப்பா பதறிப்போய்ப் பின்னால நகர்ந்துட்டார். அட்சதை அவர் கையிலயே இருக்கு.

"என் தலையில கையை வைங்கப்பா."

வைக்கலை. அவர் கண்ணுல அப்படி ஒரு பயம்.

"அப்பா, நான் ரஞ்சனிப்பா. உங்க பொண்ணுப்பா."

"தெரியும் தாயே"ன்னு சொல்லி அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.