தட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருபத்தாறு வருஷம் ஓட்டியவருக்குக் கழிப்பறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தாலே போதும், உள்ளே இருப்பவன் திருட்டுப் பயணம் வருகிறான் என்று முடிவு கட்டிவிடுவார். வயிற்றுக் கோளாறு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவருக்கு ஞாபகம் வராது. வேலை இடத்தில் இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

மகள் மூன்று வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். போகும்போது தன் பூனையை அவர் கையில் ஒப்படைத்தாள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். "அப்பா, இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்ப்பா" என்றாள். "நான் இருக்கேன்ல?" என்றார் பரிசோதகர்.

முதல் வாரமே எறும்பு வந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்து இறங்கி, அடுப்படி மூலையில் இருந்த மீன் தட்டுக்கு வரிசை போட்டது. மேனேஜர் பசி அவசரத்தில் வாயை வைக்க, சிவப்பெறும்புகள் உதட்டைப் பிடுங்கிவிட்டன. உதடு ஒரு பக்கம் வீங்கி, பூனை இரண்டு நாள் தட்டுப் பக்கமே போகவில்லை. பரிசோதகருக்குப் பொறுக்கவில்லை. ரயிலில் கூவி விற்பவனிடம் எறும்புச் சாக்பீஸ் ஒரு கட்டு வாங்கினார். அட்டையில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. "பூனை நாய்க்கு ஒண்ணும் செய்யாது சார், எறும்புக்கு மட்டும்தான்" என்றான் விற்றவன். பெற்ற தாயிடமே அடையாள அட்டை கேட்கக்கூடிய மனுஷன், அன்றைக்கு அவன் சொன்னதை அப்படியே நம்பினார். தட்டைச் சுற்றிக் கோழிமுட்டை வடிவத்தில் தடிமனாக ஒரு கோடு இழுத்தார். எறும்பு வரிசை கலைந்தது.

நாலு நாள் கழித்து மேனேஜருக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. காது தானாகத் துடித்தது. அலமாரி மேல் ஒரே தாவலில் ஏறுகிறவன் நாற்காலிக்கே தடுமாறினான்.

"எறும்பு கடிச்ச விஷம் இன்னும் இறங்கலையோ என்னமோ" என்றாள் மனைவி.

எறும்புதான் கோட்டைத் தாண்டுவதில்லையே! அப்படியானால் கோட்டுக்கு உள்ளே கை வைத்தது யார்? அவர் கண் நேராக மைத்துனியிடம் போய் நின்றது. மனைவியின் தங்கை, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, ஆறு வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். பூனையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அது இந்த அறைக்குள் நுழைந்தால் அவள் அந்த அறையில் தும்முவாள்.

கவனிக்கத் தொடங்கினார். கவனித்தால் எதுதான் அகப்படாது? தினமும் சாயங்காலம் அவர் கோடு போடுவார். மறுநாள் காலை கடைக்குக் கிளம்புமுன் அவள் ஈரத்துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுவாள். மற்ற இடமெல்லாம் குப்பையாகக் கிடந்தாலும் அந்த மூலை மட்டும் பளபளக்கும்.

"அங்க மட்டும் என்ன அப்படித் துடைப்பு?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"அந்தப் பொடி மூக்குல ஏறுது அத்தான். நிக்க முடியல, தும்மித் தும்மி உயிர் போகுது. அது வேணாமே."

வேணாமாம்! எறும்பு திரும்ப வரட்டும், பூனை சாகட்டும் என்கிறாள், வேறென்ன? தடயத்தைத் துடைத்துவிட்டுத் தும்மலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். அன்று சாயங்காலம் கோட்டை இரட்டையாக இழுத்தார்.

அடுத்த வாரம் அவள் இன்னொரு கிளையில் சரக்குக் கணக்கெடுக்க இரண்டு நாள் வெளியூர் போனாள். அந்த இரண்டு நாளில்தான் மேனேஜர் படுத்தே விட்டான். பின்னங்கால் இழுத்துக்கொண்டது. "எல்லாம் உன் தங்கச்சி வேலைதான்" என்றார் பரிசோதகர். 'ஆள் இல்லாதப்போதானே முடியாமப் போச்சு, அவளை ஏன் சொல்றீங்க?' என்று மனைவி கேட்டாள். பரிசோதகர் சிரித்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தானே வண்டி ஏறியிருப்பாள்! இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ரயிலில் குப்பை கொட்டினார்?

வெள்ளி இரவு மைத்துனி திரும்பினாள். சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் பரிசோதகர் அவளுடைய கைப்பையைத் திறந்தார்.

"என்னங்க பண்றீங்க, அவ பையில?" என்று மனைவி பதறினாள்.

"நீ சும்மா இரு."

சீப்பு, கைக்குட்டை, கடைச் சாவி, அடியில் ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதை உயர்த்தி மனைவியிடம் காட்டினார். அதே நேரம் அடுப்படியில் தடதடவென்று சத்தம். மேனேஜர் தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். மகள் மறுநாள் வருகிறாள். பூனையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார்.

டாக்டரம்மா ஊசி போட்டுத் துடிப்பை அடக்கினார். சலைன் ஏறத் தொடங்கியதும் பரிசோதகர் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார். "இதைத்தான் குடுத்திருக்காங்க டாக்டர். வீட்டுக்குள்ளயே ஆள்."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது தும்மலுக்கு மனுஷங்க போடற மாத்திரைங்க. இதனால வர்ற துடிப்பு மாதிரி தெரியலையே." பூனையின் முன்னங்காலைத் தூக்கி, பாதத்தை விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது. "வீட்டுல எறும்பு மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"சாக்பீஸ் போட்டேன். ஆனா பூனைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வித்தவன்..."

"எங்க போட்டீங்க?"

"தட்டைச் சுத்தி."

"அதை மிதிக்காம அது எப்படிச் சாப்பிட வரும்? கால்ல ஒட்டும், அப்புறம் உக்காந்து நக்கும். பூனை உடம்புக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. தினமுமா போட்டீங்க?"

"தினமும்தான். காலையில என் மைத்துனி துடைச்சிடுவா. ரெண்டு நாளாத்தான் அவ ஊர்ல இல்ல."

"அதான் இத்தனை நாள் தாங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துப் பாதங்களைக் கழுவ ஆரம்பித்தார் டாக்டரம்மா.

பரிசோதகர் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது; அந்த வேலியைத் தினமும் தன் கையாலேயே இழுத்திருக்கிறார். அவமானத்தில் காது மடல் சுட்டது. ஊசிக்குக்கூடக் கத்தாமல் கிடந்த மேனேஜரைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. இரவு அங்கேயே இருக்கட்டும், பிழைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வீட்டில் மைத்துனி வாசலிலேயே நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "அத்தான், என் மாத்திரையைப் பார்த்தீங்களா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. பரிசோதகர் அட்டையை நீட்டினார். நடந்தது முழுவதையும் சொன்னார். "நீ துடைச்சதாலதான் அது உயிரோட இருக்கு. என்னை மன்னிச்சுடும்மா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

அவள் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "நான் ஒண்ணும் பூனைக்காகத் துடைக்கல அத்தான், என் மூக்குக்காகத் துடைச்சேன். எனக்கு அதைப் பிடிக்காது, பொய் சொல்ல மாட்டேன்." தம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா பிடிக்காத உயிருக்கு விஷம் வைக்கிறவளா நான்? ஆறு வருஷமா ஒரே சோறு சாப்பிடறோம். கேட்டிருந்தா பையை நானே கொட்டிக் காட்டியிருப்பேனே."

பரிசோதகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். உள்ளே போய் வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்து, அந்த மூலையை மண்டி போட்டுத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மகளின் மடியில் வீடு திரும்பினான். சின்னம்மா தெரிந்தோ தெரியாமலோ காப்பாற்றிவிட்டாள் என்று மகள் அவளைக் கட்டிக்கொள்ள, அவள் தும்மிக்கொண்டே சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிசோதகருக்கும் நெஞ்சு லேசானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மைத்துனி வழக்கம்போலக் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அதன் ஜிப்பில் புதிதாக ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.